அறத்தொடு நிற்றல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தனிமை என்னும் துயரைத் தமிழ்க் கவிதை தன் தொடக்கக் காலந்தொட்டே பாடி வந்திருக்கிறது. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் பாலை வழியே நடந்துகொண்டிருப்பான். இல்லிலிருக்கும் தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். பல்லி சொல்லுக்குச் செவி சாய்ப்பாள். கைவளை நெகிழும்; மேனி பசக்கும். ஆயினும் சங்கப் பாடல்களில் அந்தத் தலைவியை முற்றிலும் தனித்தவளாகக் காண்பது அரிது. அவள் பேசினால் கேட்பதற்கு ஒருத்தி அருகில் இருப்பாள். அவளே தோழி.

தோழி செவிலியின் மகள். தலைவியோடு ஒன்றாக வளர்ந்தவள். மேலே நின்று அறிவுரை கூறுவது அவள் வழக்கமன்று. தலைவியின் நோயைத் தன் நோயாகவே பேசுவாள். காக்க வேண்டிய இடத்தில் மறைப்பாள். சொல்ல வேண்டிய நேரம் வந்தால் சொல்வாள். அப்படிச் சொல்லுதலுக்கு இலக்கணம் வகுத்தோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. தலைவியின் மறை ஒழுக்கம் குடும்பத்துக்கு முறையாக வெளிப்படுத்தப்படுவது அது. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். எவர், எவரிடம், எப்போது, எந்த முறையில் சொல்வது என்பதெல்லாம் அதில் அடங்கும். வெளிப்படுத்தும் முறைகளை ஏழு வகையாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. உள்ளதை உள்ளவாறே உரைத்தல் அவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டுள்ளது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பதாகவே அமைந்தது. அதன் தொடக்கத்தில் தலைவி நோயுற்றிருக்கிறாள். நோயின் காரணம் அறியாத தாய் குறி கேட்கிறாள். தெய்வங்களுக்குப் படையல் இடுகிறாள். ஒன்றும் பயனளிக்கவில்லை. காரணம் தெரிந்தவர் இருவரே. அவ்விருவருள் ஒருத்தி வாய் திறக்கும்போதுதான் பாட்டு தொடங்குகிறது.

இலக்கணப் பாடம் நடத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. இதே சேலம் நாமக்கல் சமவெளியில், சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், தோழி இல்லாமற்போன தலைவியர் பலர் வாழ்ந்தனர். அவர்கள் தம் தோழியரைத் தாமே எவ்வாறு தேடிக்கொண்டனர் என்பதே இங்குப் பேசப்படும் பொருள். அதைச் சொல்வதற்குப் பழைய மரபின் சொற்கள் பெரிதும் துணை செய்கின்றன.

இந்தச் சமவெளி மழையை நம்பி வாழ முடியாத நிலம். காவிரி தொட்டுச் செல்லும் மோகனூர், பரமத்தி போன்ற பகுதிகளை விட்டு விலகினால், கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கடன்பட்ட வேளாண்மைதான். ஆகவே இங்குள்ள குடும்பங்கள் நிலத்தோடு வேறொன்றையும் நம்பத் தொடங்கின. சேர்த்த பணத்தையும் கடன் பணத்தையும் ஒன்றாக்கி லாரி வாங்கின. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊராயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று நிலத்தைத் துளைத்தன. சேலத்து ஜவ்வரிசியும் நாமக்கல் முட்டையும் இவ்வண்டிகளில் ஏறிப் போயின. முன்னொரு காலத்தில் உப்பு மூட்டைகளை ஏற்றிய வண்டிகளோடு உமணர் சுரம் கடந்த காட்சியைச் சங்கப் பாடல்கள் காட்டும். அவர்களின் வழித்தோன்றல்கள் போலவே இவ்வூர் ஓட்டுநர்கள் காஷ்மீரம் வரை செல்லும் நெடுஞ்சாலையில் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

பிரிவு அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி. ஓட்டுநரும் கிளீனரும் ஒரு சிறு கூண்டுக்குள் உண்டு உறங்கினர். லோடு கிடைக்காத நாள்களில் மொழி தெரியாத ஊர்களில் காத்துக் கிடந்தனர். வீட்டில் இருந்தவள் லாரி புக்கிங் ஆபீஸ் வழியாக வரும் செய்திக்குக் காத்திருந்தாள். கைப்பேசி வராத காலம் அது. பாலைத்திணையின் முதற்பொருளும் உரிப்பொருளும் அப்படியே இருந்தன. ஊர்தி மட்டுமே மாறியிருந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் ஆராய்ச்சி மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் அத்தொற்று நெடுஞ்சாலைகள் வழியே சமவெளிகளை அடைந்தது. 1997 சனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், பிறந்த சில ஆண்டுகளிலேயே, தொற்று மிகுந்த மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. சேலமும் அப்பட்டியலில் இருந்தது.

அக்காலத்தில் குற்றம் முழுவதும் ஓட்டுநர்கள் மேல் சுமத்தப்பட்டது. இது நியாயமன்று. ஒரு கிருமி எவருடைய ஒழுக்கத்தையும் அளந்து பார்த்து வருவதில்லை. நெடுநாள் வீடு திரும்ப முடியாத வேலை, தொற்றைப் பற்றிய அறியாமை, ஆணுறை பற்றிய கூச்சம், மருத்துவரிடம் செல்லவே தயங்க வைத்த வெட்கம் ஆகியவை சேர்ந்த இடத்தில் அது பரவியது. ஓட்டுநரும் தனித்தவரே. அகமரபில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு. தன் துயரைச் சொன்னால் இடித்துரைத்தேனும் கேட்பவன் அவன். நெடுஞ்சாலையில் அத்தகைய பாங்கன் கிடைப்பது அரிது.

ஆயினும் அவர்களின் மனைவியர் பட்ட தனிமை வேறு வகையானது. கணவன் நோயில் விழுந்த பிறகே பலர் பரிசோதிக்கப்பட்டனர். சிலர் கருவுற்ற பின் நடந்த பரிசோதனையில் அறிந்தனர். மணமாகிச் சில திங்களே ஆன இளம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். கணவன் இறந்ததும் பழி மனைவியின் தலையில் விழுந்தது. மகனைக் கொன்றவள் என்று சொன்ன மாமியார் உண்டு. தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்த வீடுகள் உண்டு. சேர்ந்து உண்பதால், தொடுவதால், ஒரே துணியைத் துவைப்பதால் இத்தொற்று பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவாலும், இரத்தத்தாலும், தொற்றுள்ள ஊசியாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். இவ்வுண்மையை மருத்துவம் உறுதி செய்திருந்தது, வீடுகள் நம்பவில்லை. சொத்தில் பங்கு கேட்டால் அவளுடைய நோயே அவளுக்கு எதிரான ஆயுதமாயிற்று.

இவை எல்லாவற்றையும் விடக் கொடியது, சொல்ல முடியாமை. துன்பம் பெரிதாக இருந்தாலும் சொல்லி அழ ஒருவர் இருந்தால் மனம் சற்று ஆறும். கணவனை இழந்தவளுக்கு ஊரே கூடி ஒப்பாரி வைக்கும் மண் இது. அதே ஊர், நோயின் பெயர் தெரிந்தால் வாசற்படி மிதிக்காது என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆகவே காய்ச்சல் என்றாள்; மஞ்சள் காமாலை என்றாள்; காச நோய் என்றாள். உடன்பிறந்தவளிடமும் மறைத்தாள். சில வீடுகளில் குறிஞ்சிப்பாட்டின் தாயைப் போலவே பெற்றோர் கோயில் கோயிலாக அழைத்துச் சென்றனர். கண்கண்ட மருந்து என்று சொல்லிப் பணம் பறித்தோரிடமும் அழைத்துச் சென்றனர். காரணம் அவளுக்குத் தெரியும். அதை முறையாக எடுத்துச் சொல்லத் தோழி ஒருத்தி இல்லை.

நாமக்கல் மண்ணைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அத்தகைய பெண்களுள் ஒருவராக இருந்தார். 1995இல் லாரி ஓட்டும் தொழிலில் இருந்த உறவினருக்கு இளம் வயதில் மணமுடிக்கப்பட்டார். மணவாழ்க்கை தந்தது தொற்று. பின்னர் கணவரும் இறந்தார். அவர் கதை இவ்வளவில் நின்றிருந்தால், சமவெளியின் எத்தனையோ வீடுகளின் கதைகளோடு ஒன்றாக மறைந்திருக்கும். அவர் சென்னைக்குச் சென்றார். தம்மைப் போன்ற பிற பெண்களைச் சந்தித்தார். தொற்றுடன் வாழும் பெண்கள் தமக்குத் தாமே துணையாக நிற்பதற்கு, 1998இல் அவர்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பொதுவில் பேசிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் என்று அவர் அறியப்படுகிறார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1997இல், தொற்றுடன் வாழ்வோரின் இந்திய அளவிலான கூட்டமைப்பு ஒன்றும் சென்னையில் தொடங்கப்பட்டிருந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முன்னின்றவர் அசோக் பிள்ளை. பொது அமைப்பு ஒன்று இருக்கையில் பெண்களுக்கெனத் தனி அமைப்பு எதற்கு என்று கேட்கலாம். கணவன் தந்த தொற்றையும், மறுக்கப்பட்ட சொத்தையும், பிள்ளை பெறும் ஆசையையும், மாமியார் வீட்டுச் சொல்லையும் ஆண்கள் நிறைந்த அவையில் ஒரு கிராமத்துப் பெண் எப்படிப் பேசுவாள்? தோழியிடம் பேசுவதற்கும் பாங்கனிடம் பேசுவதற்கும் தமிழ் மரபே வேறுபாடு வைத்திருக்கிறது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இந்நோயுற்றோர் சிலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். எங்களைப் பலியானோர் என்று அழைக்காதீர்; நோயோடு வாழும் மனிதர் என்று அழையுங்கள் என்பது அதன் சாரம். 1987இல் உகாண்டாவில், கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த நோரின் கலீபா என்ற பெண்மணி, வேறு சிலரோடு சேர்ந்து டாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளக் கூடிய சிறு குழுவிலிருந்தே அது வளர்ந்தது. கண்டங்கள் கடந்தும் வழி ஒன்றாகவே இருந்திருக்கிறது. அரசும் மருந்தும் வருவதற்கு முன்பே, உற்றவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள்.

இத்தகைய ஆதரவுக் குழுக்கள் பின்னர் மாவட்டங்கள்தோறும் தோன்றின. அவற்றின் நடைமுறை எளியது. எல்லோரும் வட்டமாக அமர்கின்றனர். பேசப்பட்டது வெளியே போகாது என்ற உறுதி முதலில் தரப்படுகிறது. பெயர் சொல்ல விரும்பாதவர் சொல்ல வேண்டியதில்லை. பேசப்படுவன பெரும்பாலும் அன்றாடச் செய்திகள்: மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது, எத்தனை மணிக்கு விழுங்கினால் வீட்டார் கேள்வி கேட்க மாட்டார்கள், பிள்ளையின் பள்ளியில் சொல்லலாமா, விதவை உதவித்தொகைக்கு எந்தத் தாள்கள் வேண்டும். முதல் நாள் வந்தவள் வாய் திறக்காமல் அழுதுவிட்டுப் போவாள். மூன்றாம் மாதம் வேறொருத்தியின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆண்டு கடந்தால், புதிதாக வந்தவளோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணையாகப் பேருந்து ஏறுவாள்.

இந்த வளர்ச்சிக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. வழி சொல்பவன் புரவலன் அல்லன். சிறிது காலத்துக்கு முன்பு அதே பசியில் அதே வழியில் நடந்தவன். ஆகவே அவன் சொல்லில் நம்பிக்கை பிறக்கிறது. மனநல ஆலோசனை தருவதைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று பெயரிட்டவர்கள் இதை எண்ணியே பெயரிட்டார்களோ, இல்லையோ, பெயர் பொருந்திவிட்டது. தமிழக அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உள்ள இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அம்மையத்தின் வாசலில் நடுங்கி நிற்பவளிடம், 'எனக்கும் இது இருக்கிறது. இத்தனை ஆண்டாக இருக்கிறேன்' என்று ஒருத்தி சொல்லும்போது நேர்வதை, எவ்வளவு கற்ற மருத்துவராலும் நேர்விக்க முடிவதில்லை. மருத்துவர் சொல்வது அறிவு. இவள் சொல்வதற்கு இவளே சான்று.

பெயர் சொல்லாமை குறித்து ஒரு சொல். அகத்திணையில் தலைமக்கள் இன்னார் என்று பெயர் சுட்டப்பெறுவதில்லை. பெயர் சுட்டினால் பாட்டு அகமாகாது, புறமாகிவிடும் என்பது மரபு. இம்மரபை வெறும் கவிதை விதியாகவே பலர் கற்றிருப்பர். ஆதரவுக் குழுவின் வட்டத்தில் அவ்விதியின் உயிர் தெரிகிறது. பெயர் மறைவதனால் உள்ளம் திறக்கிறது. ஒருத்தியின் துயர் எல்லோருக்கும் உரியதாகிறது. அதே வேளையில், எல்லோரும் என்றென்றும் பெயரற்றிருந்தால் உலகம் ஒன்றையும் அறியாது. எவரோ ஒருவர் பெயரோடு எழுந்து புறத்துக்கு வர வேண்டும். கௌசல்யா பெரியசாமி அதைச் செய்தார். அவர் பெயர் சொல்லி நின்றதனால், பெயர் சொல்ல இயலாத பிறருக்காகவும் பேச முடிந்தது. அக்குழுக்களில் இருவகைக்கும் இடம் இருந்தது. எவரையும் வெளிப்படச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், வெளிப்பட்டவரைத் தனியே விடாமல் இருப்பதே அவற்றின் அறம்.

பிறர் வெளிப்படுத்தினால் என்ன நேரும் என்பதையும் அக்காலம் காட்டியது. தம் தொற்றை மருத்துவமனை வெளியிட்டதால் திருமணம் நின்று, ஊராரால் ஒதுக்கப்பட்ட ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தீர்ப்பில் அவர் பெயர் இல்லை. 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தே இருந்தது. 1998இல் நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் நின்றதோடு, அவருடைய மணவுரிமையையும் கேள்விக்குள்ளாக்கியது. மணவுரிமை பற்றிய அக்கருத்தை 2002இல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. 2017இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சட்டம் குறிப்பிடும் விதிவிலக்குகள் தவிர, ஒருவரின் ஒப்புதலின்றி அவர் தொற்றை வெளியிடலாகாது என்கிறது. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. கூட்டாக வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமையையும் வழங்குகிறது. தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்த வீட்டுக்கு அந்தச் சட்டத்தில் விடை இருக்கிறது. சொல்வதற்கு உரியவர் சொல்ல வேண்டும், உரிய முறையில் சொல்ல வேண்டும் என்று தமிழ் மரபு வகுத்த நெறிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இவ்வளவும் சொல்லும்போது, அன்பும் ஆறுதலும் எல்லாவற்றையும் வென்றுவிட்டன என்ற எண்ணம் எழக்கூடும். அது உண்மையன்று. 2001இல் சிப்லா என்ற இந்திய நிறுவனம், ஆப்பிரிக்காவில் பணியாற்றும் மருத்துவத் தொண்டு அமைப்புக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் கூட்டு மருந்து தர முன்வந்தது. முன்பு அம்மருந்துகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. உலகம் வியந்தது. ஆயினும் அந்த 350 டாலரும் ஒரு லாரி ஓட்டுநரின் விதவைக்கு எட்டாத தொகை. இந்திய அரசு இலவசமாக அம்மருந்தை வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் முதல் நாள். தொடக்கத்தில் மருந்து கிடைத்த சில மருத்துவமனைகளுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. சமவெளியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு விடியலில் தாம்பரத்தில் இறங்கினால்தான் மருந்து. மாவட்ட மருத்துவமனைகளுக்கு அது வந்து சேரப் பின்னும் காலம் பிடித்தது.

அதற்கு முன் கூடிய வட்டங்களில் ஒவ்வொரு சந்திப்பிலும் யாரேனும் ஒருவர் குறைந்திருப்பார். அசோக் பிள்ளை 2002இல் மறைந்தார். இலவச மருந்துக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. இழப்பு உறுதி என்று தெரிந்தே அவர்கள் நட்புக் கொண்டனர். இன்று தன் கையைப் பற்றியிருப்பவளின் சாவு நாளை தன் சாவின் முன்னறிவிப்பு என்று அறிந்தும், அவளுடைய படுக்கை அருகே அமர்ந்தனர். அத்தகைய நட்பு எளிதில் பேசிவிடக்கூடியதன்று. தேற்றியவருக்கே தேறுதல் தேவைப்பட்டது. ஆகவே அது ஒருவர் கொடுக்க ஒருவர் பெறும் உதவியாக நிற்காமல் மாறிமாறிச் சுமக்கும் சுமையாயிற்று. மருந்து வேண்டும் என்று அரசிடம் கேட்ட குரலும் இப்படிச் சுமந்தவர்களிடமிருந்தே எழுந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017 முதல், தொற்று உறுதியான எவரும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் உடனே மருந்து பெறலாம். நாள்தோறும் தவறாது உட்கொண்டு, குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. தாய் முறையாக மருந்து உட்கொண்டால் குழந்தையைத் தொற்றிலிருந்து பெரும்பாலும் காத்துவிடலாம். தொற்றுடன் வாழ்வோர் தம்முள் மணம் செய்துகொண்டதும், தொற்றில்லாத மக்களைப் பெற்று வளர்ப்பதும் இன்று நடப்பவை. 1990களில் இளம் விதவையாக நின்றவர்களுள் மருந்து வரும்வரை உயிரோடிருந்தவர்கள், பேரப்பிள்ளைகளைக் காணும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலரை அந்த இடைக்காலத்தில் பிடித்து நிறுத்தியது, தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்ற அறிவு.

மருந்து பெருகியபின் ஆதரவுக் குழுக்களின் தேவை முடிந்துவிட்டதா? இல்லை. மாத்திரை நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியது. மறைத்து உட்கொள்பவர் ஒருநாள் விட்டுவிடுவார். விருந்தினர் வந்த வீட்டில் புட்டியைத் திறக்கத் தயங்குவார். ஏன் இம்மாதம் மருந்துக்கு வரவில்லை என்று கேட்க ஒரு குரல் வேண்டும். ஆகவே மருந்தின் வெற்றியும் தோழியின் குரலைச் சார்ந்தே நிற்கிறது.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில், சொல்லைப் பற்றிச் சிலவற்றைக் குறிப்பிடுவது பொருத்தம். இத்தொற்று உடையவர்களைத் தமிழ் இதழ்கள் நெடுங்காலம் 'எய்ட்ஸ் நோயாளி' என்றே எழுதின. ஒருவருடைய வாழ்வு முழுவதையும் ஒரு நோயின் பெயருக்குள் அடைக்கும் சொல் அது. தொற்றுடன் வாழ்வோரின் அமைப்புகள் 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்ற சொல்லை வழக்கில் நிறுத்தின. உள்ளோர் என்றால் உடையோர். உள்ளோர் என்றால் இருப்போரும் ஆவர். இருக்கிறோம் என்று சொல்வதே போராட்டமாக இருந்த மக்களுக்கு இதைவிடத் தக்க பெயர் அமைந்திருக்க முடியாது. இதைக் கண்டவர்கள் புலவர்கள் அல்லர். துன்பப்பட்டவர்கள் தாமே தேடி எடுத்த சொல் இது.

இதற்கு மாறாக, கவியரங்குகளில் இன்னொன்று நடந்து வந்திருக்கிறது. ஊழலைச் சமுதாயத்தின் எய்ட்ஸ் என்றும், லஞ்சத்தை எய்ட்ஸ் கிருமி என்றும் உவமித்துக் கைத்தட்டல் பெற்ற கவிதைகள் குறைவல்ல. முன்பு தொழுநோயை அவ்வாறு ஆண்டனர். பின்னர் இதை ஆண்டனர். அந்த அவையின் கடைசி வரிசையில் தன் தொற்றை எவருக்கும் சொல்லாத ஒருத்தி அமர்ந்திருந்தால், அந்தக் கைத்தட்டல் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? சாலையோரப் பலகைகளில் 2003ஆம் ஆண்டளவில் எழுந்த புள்ளிராஜா விளம்பரமும் எண்ணத்தக்கது. அது ஊரெங்கும் பேச்சையும் சிரிப்பையும் எழுப்பியது; பேசக் கூசிய பொருளைப் பேச வைத்தது என்ற பயனும் அதற்கு உண்டு. ஆயினும் அதன் கேள்வி ஓர் ஆணைப் பற்றியது. அந்த ஆணின் வீட்டில் காத்திருந்தவளைப் பற்றி எந்தப் பலகையும் கேட்கவில்லை. கவிதையேனும் கேட்டிருக்கலாம்.

தமிழ்ப் பெண் கவிஞர்கள் உடலையும் நோவையும் பற்றித் துணிந்து எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். தனிமையைப் பாடும் கவிதைக்கும் இன்று பஞ்சமில்லை. இதழ்களைத் திறந்தால் ஒற்றைப் பறவையும் இருண்ட அறையும் வெறிச்சோடிய சாலையும் நிறைந்திருக்கின்றன. அவை பொய்யல்ல. ஆயினும் அகமரபு தனிமையை ஒருபோதும் தனியே நிறுத்தவில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. தலைவி கூற்று என்ற துறை இருந்தது போலவே தோழி கூற்று என்ற துறையும் இருந்தது. துயருற்றவளின் குரலுக்குக் கொடுத்த இடத்தை, துயருற்றவளுக்கு அருகில் நின்றவளின் குரலுக்கும் தமிழ் கொடுத்தது. பிற்காலக் கவிதையில் தலைவி கூற்று பெருகியது; தோழி கூற்று அருகியது.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நீடிப்பது எளிதன்று. கவிதைக்காக மட்டும் எவரும் பத்தாண்டு வருவதில்லை. தன் எழுத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவும், அவருடைய எழுத்தைக் கேட்கும் கடமை தனக்கு இருக்கிறது என்பதற்காகவும் வருகிறார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள். அந்த வகையில் இவ்வட்டமும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெயர் சொல்லாமல் கூடிய அந்த வட்டமும் ஓரினமே. அங்கே பேசுவதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது என்பதே வேறுபாடு.

ஆகவே கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. இச்சமவெளியின் கடந்த முப்பதாண்டு வாழ்வில், லாரிகளின் ஓசைக்குப் பின்னால், பெயர் சுட்டப்பெறாத எத்தனையோ தலைவியரும் அவர்களுக்குத் தோழியராகி நின்ற தலைவியரும் வாழ்ந்திருக்கிறார்கள், வாழ்கிறார்கள். அவர்களின் மறையை வெளிப்படுத்துவது கவிஞரின் வேலையன்று. அதற்கு உரியவர்கள் அவர்களே. அவர்களுக்கு அருகில் நின்று, அவர்கள் சொல்ல விரும்புவதை விரும்பும் அளவில் சொல்ல இடம் கொடுக்கும் தோழி கூற்றுகள் எழுதப்படட்டும். அடுத்த பத்தாண்டு நிறைவு மலரில் அத்தகைய பாடல் ஒன்றேனும் இடம்பெறுமானால், அறத்தொடு நிற்றல் என்னும் துறை இந்த மண்ணில் இன்னும் வழக்கொழியவில்லை என்று கொள்ளலாம்.